சீனர் கடைச் சோறு

பசியைத் தணிப்பது சோறு. ஆனால் எவர் படைத்தார், எவருடன் அமர்ந்து உண்டோம் என்பவையும் அந்தச் சோற்றோடு சேர்ந்தே நெஞ்சில் தங்கிவிடுகின்றன. திருவள்ளுவர் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அவர் பேசியது இல்லத்து விருந்தைப் பற்றி. காசு கொடுத்து உண்ணும் கடைச் சோற்றுக்கு அந்த இலக்கணம் பொருந்துமா? வாங்குபவர், விற்பவர் என்னும் எல்லையைக் கடந்து அங்கே வேறோர் உறவு முளைக்குமா? முளைக்கும் என்று சொல்ல மலேசியத் தமிழரிடம் ஒரு சான்று உண்டு. குடும்பமே நின்று நடத்தும் சிறிய சீனர் உணவுக் கடையே அச்சான்று.

அத்தகைய கடையைக் காண்பதற்குப் பங்சார் ஏற்ற இடம். கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸை அடுத்து அமைந்த இப்பகுதி இன்று செல்வர் வாழும் இடமாக அறியப்படுகிறது. விலையுயர்ந்த உணவகங்களும் மாடமாளிகைகளும் நிறைந்த இவ்விடம் முன்னாளில் இரப்பர்த் தோட்டமாக இருந்தது. பங்கே, கிரிசார் என்னும் ஐரோப்பியர் இருவரின் பெயர் தாங்கிய தோட்டத்தின் பெயரே நாளடைவில் பங்சார் எனச் சுருங்கிற்று என்பர். அத்தோட்டத்து மரங்களைச் சீவியவர்களில் தமிழர் பலர். பின்னர் 1960களின் பிற்பகுதி தொடங்கி வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. பங்சார் பாரு, லக்கி கார்டன் போன்ற இடங்களில் கடைவரிசைகள் தோன்றின. மின்வாரியத்தின் தலைமையகம் பங்சார் சாலையில் அமைந்திருந்தது. புகைவண்டிப் பணியாளர் குடியிருப்புகள் பிரிக்பீல்ட்ஸில் இருந்தன. இவ்விரு துறைகளிலும் உழைத்த தமிழ்க் குடும்பங்கள் மாதச் சம்பள நாளில் எப்போதாவது வெளியே உண்ண விரும்பினால், வாழையிலைச் சோற்றுக் கடையை விட்டால் அடுத்து நாடியது சீனர் கடையையே.

அக்கடையின் அமைப்பு எளியது. கதவில்லாத முன்புறம், மேலே சுழலும் மின்விசிறி, ஆறோ ஏழோ வட்ட மேசைகள், சுவரில் சிவப்புநிற மாடத்தில் ஊதுவத்திப் புகைக்கிடையே குவான் கோங் தெய்வத்தின் உருவம். அடுப்பின் முன் தந்தை நிற்பார். தாய் மேசைதோறும் சென்று, எவர் எதைக் கேட்டார் என்பதைப் பெரும்பாலும் எழுதாமலே நினைவில் கொள்வார். காசு வாங்கும் பொறுப்பும் அவருடையதே. பாட்டி ஓர் ஓரத்தில் அமர்ந்து பயற்றுமுளையின் வேரைக் கிள்ளிக்கொண்டிருப்பார். பள்ளி விட்டு வந்த பிள்ளை, வாடிக்கையாளர் அமராத கடைசி மேசையில் வீட்டுப் பாடம் எழுதும். கூட்டம் மிகுந்தால் எழுந்து தட்டுகளை எடுக்கும்.

கடை உரிமையாளரைத் தமிழர் 'தவுக்கே' என்று அழைப்பர். பணக்கார முதலாளி என்ற பொருளில்தான் இச்சொல் தமிழர் வழக்கில் நிலைத்திருக்கிறது. ஹொக்கியன் மொழியில் 'தௌ' என்பது தலை; 'கே' என்பது வீடு அல்லது குடும்பம். ஆகவே, தவுக்கே என்பதன் சொற்பொருள் குடும்பத் தலைவர் என்பதே. கடையையும் குடும்பத்தையும் வேறுவேறாகக் காணாத ஒரு மக்களின் வாழ்க்கை நெறி அச்சொல்லினுள் பொதிந்திருக்கிறது. இங்குக் குடும்பம் கடையை நடத்துகிறது என்பதும் உண்மை. கடை குடும்பத்தை நடத்துகிறது என்பதும் உண்மை.

சமையலும் குடும்பக் கல்வியாகவே கைமாறுகிறது. அடிப்புறம் குழிந்த இரும்புச் சட்டி, இரைச்சலோடு எழும் பெருந்தீ, ஓயாது புரளும் கரண்டி ஆகிய மூன்றும் சேர்ந்து ஓர் உணவைச் சில நிமிடங்களில் ஆக்கி முடிக்கின்றன. தீ தணிந்தால் காய் நீர்விட்டுக் குழையும், மிகுந்தால் கருகும். சரியான வேளையில் எழும் மணத்தைக் கன்டோனியர் 'சட்டியின் மூச்சு' என்று பொருள்படும் சொல்லால் குறிப்பர். இதனை ஏட்டில் எழுதிக் கற்பிக்க இயலாது. மகன் முதலில் பாத்திரம் கழுவுவான். பின்னர்க் காய் நறுக்குவான். பல ஆண்டுகள் தந்தையின் தோளருகே நின்று பார்த்த பிறகே கரண்டி அவன் கைக்கு வரும். நம் முன்னோர் குருகுலம் என்று சொன்னது இதைத்தான்.

இத்தொழில் சீனருக்கும் எளிதில் வாய்த்ததன்று. ஹைனான் தீவினர் மற்றச் சீனரைவிடக் காலந்தாழ்ந்தே மலாயாவுக்கு வந்தனர். வாணிகமும் ஈயத் தொழிலும் ஏற்கெனவே ஹொக்கியன், கன்டோனியர், ஹக்கா மக்களின் கைகளில் இருந்தன. எனவே ஹைனானியர் பலர் ஆங்கிலேயர் இல்லங்களிலும் கப்பல்களிலும் சமையற்காரராயினர். அங்குக் கற்ற மேனாட்டுச் சமையலைத் தம் கைப்பக்குவத்தோடு கலந்து, பின்னர்ச் சொந்தமாகக் காப்பிக் கடைகள் திறந்தனர். 1928ஆம் ஆண்டில் ஹைனானியர் ஒருவர் தொடங்கிய 'யுட் கீ' கோலாலம்பூரில் இதற்குப் பெயர்பெற்ற சான்று. நெடுங்காலம் டாங் வாங்கி சாலையில் இருந்த அக்கடை, 2014ஆம் ஆண்டில் அருகிலுள்ள கமுந்திங் சாலைக்கு இடம் பெயர்ந்தது; மூன்றாம் தலைமுறையின் கைக்கும் வந்தது. அதுபோலவே ஃபூசியான் மாநிலத்து ஹொக்கியன் ஒருவர் 1927ஆம் ஆண்டில் தொடங்கிய 'கிம் லியான் கீ', கரியடுப்பில் கருஞ்சாறு ஊற்றிப் புரட்டும் கோலாலம்பூர் ஹொக்கியன் மீயின் தாயகமாகப் பெத்தாலிங் தெருவில் புகழ் பெற்றது. சஞ்சிக்கூலியாய் வந்து தோட்டத்தில் இறங்கிய தமிழனின் துயரம் நாம் அறிந்தது. பிறர் வீட்டு அடுப்படியில் நின்று தன் அடுப்பை ஏற்றிக்கொண்ட சீனனின் வரலாறும் நாம் அறிய வேண்டியதே.

தமிழாசிரியர் உற்று நோக்கத்தக்க செய்தி ஒன்று இக்கடைகளின் பெயர்ப்பலகையிலேயே இருக்கிறது. சீன எழுத்துகளுக்கு அருகே மலாய் மொழியில் 'கெடாய் கோப்பி' என்றோ 'கெடாய் மக்கானான்' என்றோ எழுதியிருப்பதை நாடெங்கும் காணலாம். மலாயின் 'கெடாய்' நம் 'கடை'தான். இரப்பர் வருமுன்பே, கப்பலேறி வந்த தமிழ் வணிகரோடு இங்கு வந்த சொல் அது. 'கப்பல்' என்ற சொல்லும் மலாயில் 'கப்பால்' என வழங்குகிறது. நாள்தோறும் தன் கடையைத் திறக்கும் சீனர், தாம் அறியாமலே ஒரு தமிழ்ச் சொல்லின் கீழ் அமர்ந்து வாணிகம் செய்கிறார். அவர்பால் நாம் பெற்ற கடனும் உண்டு. தேயிலை, தேநீர் என்பவற்றில் உள்ள 'தே', ஹொக்கியன் மக்களின் வாய்ச்சொல்லே உலகைச் சுற்றி நம்மிடம் வந்தது. தமிழகத்தில் சில பகுதிகளில் வாணலியைச் சீனச்சட்டி என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. அவர் பலகையில் நம் கடை. நம் குவளையில் அவர் தே!

இன்னும் வியப்பு, ஒரு கோப்பைப் பானம் கேட்பதற்குள் எத்தனை மொழி நுழைகிறது என்பதாகும். பாலும் சர்க்கரையும் வேண்டாதவர் 'தே ஓ கோசோங்' என்பார். தே, ஓ இரண்டும் ஹொக்கியன் வழி வந்தவை. ஓ என்றால் கறுப்பு. கோசோங் என்பது மலாய். வெறுமை என்று பொருள். எந்த இலக்கணப் புலவரும் அமர்ந்து ஆக்காத தொடர் இது. தாகம் ஆக்கிய தொடர்!

தமிழரும் சீனரும் கொண்டிருந்த தொடர்பு கடைத்தெருவில் தொடங்கியதன்று. ஃபூசியான் மாநிலத்துச் சுவான்சௌ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. அங்கே சிவன் கோயில் இருந்ததை அது காட்டுகிறது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ 1409ஆம் ஆண்டைக் குறித்து, சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழியில் பொறித்த கல், இலங்கையின் காலி நகரில் 1911ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்டது. மன்னரும் வணிகரும் கல்லில் ஒன்றாய்ப் பொறித்த மொழிகள், இன்று ஒரே மேசையில் பானத்துக்கும் மீனுக்கும் பயன்படுகின்றன. கல்லுக்குரிய பெருமை இந்த மேசைக்கும் உண்டு.

உண்ணும் முறையில் இரு மக்களும் வேறுபடுவர். தமிழர் பந்தியில் ஒவ்வொருவருக்கும் தனி இலை. பரிமாறுவோர் வரிசையாக வருவர். சீனர் மேசையில் சோறு மட்டுமே தனிக் கிண்ணத்தில். மீனும் காயும் முட்டையும் நடுவில் இருக்கும். எல்லாரும் ஒரே தட்டிலிருந்து எடுக்க வேண்டும். ஆதலின், தனக்கு எவ்வளவு என்பதைப் பிறரை நோக்கியே ஒருவர் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. இளையவர் மீனின் நல்ல பகுதியை மூத்தவர் கிண்ணத்தில் வைப்பர். தேநீர் ஊற்றுபவருக்கு விரலால் மேசையைத் தட்டி நன்றி தெரிவிப்பது கன்டோனியர் வழக்கம். வேற்றுமை இவ்வளவு இருந்தும், எதிர்ப்படுபவரிடம் முதலில் கேட்கும் கேள்வி இருவருக்கும் ஒன்றே: 'சாப்பிட்டாயிற்றா?'

சுவையும் இரு வீடுகளுக்கிடையே நடந்து பழகிவிட்டது. சிங்கப்பூரில் கேரளத்தவர் ஒருவர், சீனர் மீன்தலையை விரும்பி உண்பதைக் கண்டு 1949ஆம் ஆண்டில் மீன்தலைக் கறியைக் கடையில் அறிமுகப்படுத்தினார் என்பது பரவலாக வழங்கும் வரலாறு. இன்று அந்தக் கறியைச் சீனரே சமைக்கின்றனர். புளியும் வெண்டைக்காயும் கறிவேப்பிலையும் மணக்க மேசைக்கு வரும் அந்தச் சட்டியை எவருடைய உணவு என்று சொல்வது? பங்சாரில் அதனை உண்ணும் தமிழ்ப் பிள்ளை அதைச் சீனர் கறி என்கிறது; சீனப் பிள்ளையோ இந்தியர் கறி என்கிறது!

இவ்வுறவு தடையின்றி வளர்ந்ததென்று சொல்லிவிட முடியாது. சீனர் கடையில் கைநனைக்கலாகாது என்று எண்ணிய தமிழ்ப் பெரியோர் பலர் இருந்தனர். மாட்டிறைச்சி குறித்த அச்சம் ஒருபுறம். பன்றிக் கொழுப்பு குறித்த தயக்கம் மறுபுறம். இத்தடைகளைத் தாண்டச் செய்தது பேச்சுத் திறம் அன்று, நாணயம். பங்சாரில் வாழும் ஒரு பெரியவரின் பட்டறிவு இதற்குப் பொருத்தமானது. 1990ஆம் ஆண்டில் தெனாகா நேஷனலாக மாறிய தேசிய மின்சார வாரியத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர் அவர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே சீனர் கடையில் வாரந்தோறும் உண்டு வந்தார். தொடக்க நாள்களில் ஒருமுறை, தம் தாயையும் அழைத்துச் சென்று வறுத்த மீ கேட்டார். கடைக்கார அம்மையார் அடுப்படிக்குச் செல்லாமல் நின்றார். "அண்ணே, இனி தாக் போலே. அடா மிஞ்ஞாக் பாபி" என்றார். இது உங்களுக்கு ஆகாது, பன்றி நெய் சேர்ந்தது என்பது அதன் பொருள். சொல்லாமல் விற்றிருந்தால் யாரும் அறிந்திருக்க மாட்டார்கள். சொன்னதால் ஒரு தட்டு மீயின் காசு போயிற்று. பின்னர்ச் சட்டியைத் தேய்த்துக் கழுவி, வேறு எண்ணெயில் கீரையும் முட்டையும் ஆக்கிக் கொண்டுவந்தார். அதுவரை தேநீர் மட்டுமே அருந்திய மூதாட்டி அன்று சோற்றில் கை வைத்தார்.

புரட்டாசி மாதத்தில் அப்பெரியவர் இல்லத்தார் மரக்கறி உணவே கொள்வர். அதையொட்டியே பெரும்பாலும் சீனரின் ஒன்பதாம் மாதமும் வரும்; ஒன்பது பேரரசத் தெய்வங்களுக்குரிய விழாவின்போது பக்தர் ஒன்பது நாள் மரக்கறி நோன்பு காப்பர்; அம்பாங்கிலுள்ள கோயிலில் கூட்டம் அலைமோதும்; மரக்கறிக் கடைகளில் மஞ்சள் கொடி தொங்கும். உங்களுக்கும் விரதமா என்று இரு குடும்பங்களும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டன. சமய நூல்கள் விளக்காத நெருக்கத்தை அந்த ஒரு கேள்வி விளக்கிற்று.

கடனும் இவ்வுறவின் ஒரு கூறாகும். '555' என்னும் எண் பொறித்த சிறு குறிப்பேடு பழைய தலைமுறையினர் மறக்க முடியாதது. தோட்டத்துச் சீனர் மளிகைக் கடையில் அரிசியும் மண்ணெண்ணெயும் அதில் எழுதியே வாங்கப்பட்டன. சம்பள நாளில் கணக்குத் தீரும். அந்தக் குறிப்பேடு பல குடும்பங்களைக் கடன் வலையில் வைத்திருந்ததும் மெய். மழைக்காலத்தில் பால் வெட்ட முடியாமல் கூலி குறைந்தபோது அடுப்பெரிய வைத்ததும் மெய். கையெழுத்தும் பிணையும் இல்லாமல் வேற்று மொழிக்காரனை நம்பி எழுதிய கணக்கு அது.

இத்தனை நம்பிக்கைக்கும் இடையில் ஒரு குறை இருந்தது. அப்பெரியவர் ஒருநாள் தமிழ்ப்பள்ளியில் படிக்கும் பேத்தியோடு கடைக்குச் சென்றார். "தாத்தா, இவர் பெயர் என்ன?" என்று அச்சிறுமி கேட்டாள். "தவுக்கே" என்றார் பெரியவர். "அது வேலைப் பெயர் தாத்தா. அவர் பெயர்?" என்று மீண்டும் கேட்டாள். பெரியவரிடம் விடை இல்லை. 'பியாசா?' என்று கடைக்காரர் கேட்பார். வழக்கமானதுதானே என்பது அதன் பொருள். இவர் தலையசைப்பார். முப்பது ஆண்டுகள் அந்த ஒரு சொல்லிலேயே கழிந்திருந்தன. அவருக்கும் இவர் 'அண்ணே' மட்டுமே. சிறுமி தயங்கவில்லை, நேரே சென்று மலாயில் கேட்டுவிட்டாள். கடைக்காரர் சிரித்து, கணக்கெழுதும் தாளில் மூன்று சீன எழுத்துகளை வரைந்து, ஒவ்வொன்றையும் ஒலித்துக் காட்டினார். அதன் கீழே அவள் தன் பெயரைத் தமிழில் எழுதினாள். கடைசி மேசையில் வீட்டுப் பாடம் எழுதிக்கொண்டிருந்த அவர் பேரன் எழுந்து வந்து எட்டிப் பார்த்தான். அவன் எழுதிக்கொண்டிருந்ததும் அவள் வகுப்பில் நடத்திய அதே பின்னக் கணக்குதான். எழுத்து மட்டுமே வேறு.

இங்கேதான் தமிழ்க் கல்வியாளர் நின்று சிந்திக்க வேண்டியிருக்கிறது. நம் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் பயில்கின்றனர். அவர்கள் பிள்ளைகள் சீனப்பள்ளியில் பயில்கின்றனர். தாய்மொழிக் கல்வி இரு சாராருக்கும் உயிர் போன்றது. அதனை எவரும் விட்டுக்கொடுக்க இயலாது. எனினும், பள்ளியில் சந்திக்காத பிள்ளைகள் வேறெங்கேனும் சந்திக்க வேண்டுமன்றோ? மேடை நிகழ்ச்சிகளும் ஒற்றுமை முழக்கங்களும் செய்ய முடியாததை, அரசோ கழகமோ ஏற்பாடு செய்யாமலே, இந்தச் சிறு கடைகள் இத்தனை காலம் செய்து வந்தன.

அக்கடைகளோ அருகி வருகின்றன. 1948க்கு முன் கட்டப்பட்ட பழைய கடைவீடுகளுக்கு 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் காப்பாக இருந்தது. 1997ஆம் ஆண்டு செப்டம்பரில் அச்சட்டம் நீக்கப்பட்ட பின், நகரின் பழைய பகுதிகளில் வாடகை உயர்ந்து பல குடும்பக் கடைகள் வெளியேறின. பங்சார் போன்ற புதிய பகுதிகளில் நிலமதிப்பே அவ்வேலையைச் செய்தது. 2020ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது, பல வாரங்கள் கடையில் அமர்ந்து உண்ணத் தடை இருந்தது. கையிருப்புக் குறைந்த சிறு கடைகள் சில மீண்டும் திறக்கவேயில்லை.

வாடகையைவிட ஆழமான காரணமும் உண்டு. விடியுமுன் சந்தைக்குச் சென்று இரவில் சட்டி கழுவும் வாழ்வைத் தம் மக்கள் வாழ வேண்டாம் என்று எண்ணியே பெற்றோர் அவர்களைப் படிக்க வைக்கின்றனர். படித்த மக்கள் கணக்காய்வாளராகவும் பொறியாளராகவும் அயல்நாடுகளுக்குச் செல்கின்றனர். பெற்றோரின் வெற்றியே கடையின் முடிவாகிவிடுகிறது. இதில் யாரைக் குறை சொல்வது? பூத்தொடுக்கும் கடை, முடிதிருத்தும் கடை, மசாலா அரைக்கும் ஆலை என்று தமிழர் தொழில்களிலும் இதே கதைதான். மொழிக்கும் இந்நிலை நேர்வதுண்டு. ஆங்கிலம் கற்று மகன் உயர வேண்டுமென விரும்பிய தந்தை, அவன் தமிழில் ஒரு கடிதமும் எழுதாதபோதுதான் இழந்ததை உணர்கிறார்.

பெரியவரின் கடைக்காரர் இன்னும் அடுப்பின் முன் நிற்கிறார். மகன் சிங்கப்பூரில், மகள் ஆஸ்திரேலியாவில். தட்டுக் கொண்டுவருபவர் மியன்மார் நாட்டு இளைஞர். பேரன் கடையை ஏற்பானா என்று கேட்டால், அவன் நன்றாகப் படிக்கிறான் என்று மட்டும் விடை வரும். அவ்விடையில் பெருமையும் இருக்கிறது, முற்றுப்புள்ளியும் இருக்கிறது.

காலத்தின் போக்கை ஆசிரியர் தடுக்க இயலாது. ஆயினும், இருப்பதை மாணவர் காணச் செய்ய இயலும். கட்டுரைப் பாடத்தில் 'இன ஒற்றுமை' என்று தலைப்புக் கொடுத்து, படித்த சொற்களையே திரும்ப எழுதச் செய்வதை விட்டு, அருகிலுள்ள கடைக்குச் சென்று வரச் சொல்லலாம். கடை எப்போது தொடங்கியது, முதலில் வந்தவர் எந்த ஊரினர், எந்தத் தமிழ்க் குடும்பங்கள் அங்கு உண்டன, பலகையில் உள்ள சொற்கள் எந்த மொழியின என்று கேட்டு எழுதச் சொல்லலாம். கேள்விப் பட்டியலின் முதலில் கடைக்காரரின் பெயர் இருக்கட்டும். ஊர்ப் பெயரும் சொல்வரலாறும் மக்கள் வரலாறும் ஒரே பயிற்சியில் அடங்கும். எழுதுவதற்கு மாணவனிடம் சொந்தச் செய்தியும் இருக்கும்.

விருந்தோம்பல் என்பது வந்தவர் யார் என அறிந்து அவருக்கு ஏற்றதைப் படைப்பது. பன்றி நெய் சேர்ந்ததென்று சொல்லி விற்பனையை இழந்த அந்தச் சீன அம்மையார், திருக்குறளைப் படித்தவர் அல்லர். படித்த நாம் அவர் கடைக்குச் செய்யக்கூடிய கைம்மாறு சிறியது: கடை மூடப்படுமுன் ஒருநாள் பிள்ளைகளோடு சென்று, மேசையைச் சுற்றி அமர்ந்து, உண்டு, அவர் குடும்பத்தின் கதையை அவர் வாயாலேயே கேட்டு வருதல்.